டி.பி.யின் பழைய கதை இன்றைக்கு எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோயின் வரலாற்றைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே வீட்டிலும் வெளியிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சில பதில்கள் நீளமாகப் போய்விட்டன, ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இருமல் வந்தால் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். நூறு வருஷத்துக் கதை எதற்கு?

இருமல் வந்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த டாக்டர் ஏன் உங்களைப் படுக்கையில் சேர்க்காமல் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார், ஏன் ஒன்றுக்கு நாலு மருந்தாகத் தருகிறார், பிறந்த குழந்தைக்கு ஏன் இடது தோளில் அந்த ஊசி போடுகிறார்கள், இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ பிடிவாதமாக வாதாடி, யாரோ தவறென்று தெரிந்துகொண்ட ஒரு கதை இருக்கிறது. அதில் பெரிய பங்கு நடந்தது சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும். நம் ஊரில் கண்டுபிடித்து உலகமே பின்பற்றிய விஷயம் நமக்கே தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம், இது முடிந்துபோன கதையும் இல்லை. 2023-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.5 லட்சம் பேர் டி.பி.யால் இறந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு உலகில் புதிதாக நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்கள்.

ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். அங்கே என்னதான் செய்தார்கள்?

மருந்து இல்லாத காலத்தில் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த முறை இது. நம் பக்கத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-ல் ஒரு சானடோரியம் வந்தது. தாம்பரத்தில் இருப்பதை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

அந்த சவுரிமுத்துவைப் பற்றி ஒரு தகவல். அவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். முதல் உலகப் போர் சமயத்தில் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன்.

ராமானுஜன் டி.பி.யால்தானே இறந்தார்?

அப்படித்தான் அன்றைய டாக்டர்கள் பலர் நினைத்தார்கள். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில் இறந்தார். ஆனால் 1994-ல் யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். கப்பல் ஏறுவதற்கு முன்பே ராமானுஜனுக்குச் சீதபேதி வந்திருந்தது. அப்படியானால் அன்றைக்கே குணப்படுத்த வழி இருந்த நோய் அது. உறுதியாகச் சொல்ல இனி முடியாது. ஆனால் ஒரு நோய் எல்லோர் மனதையும் அடைத்துக்கொண்டு நிற்கும்போது வேறு நோய் கண்ணில் படாமல் போகும் ஆபத்து எப்போதும் உண்டு. கொரோனா காலத்தில் காய்ச்சல் என்றாலே எல்லோருக்கும் ஒரே சந்தேகம் வந்ததை நினைத்துப் பாருங்கள்.

கொரோனாவின்போது தினம் ஒரு 'அதிசய மருந்து' வந்தது. இதற்கு முன் அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அதைச் செய்தவர் சாதாரண ஆள் இல்லை. டி.பி. கிருமியைக் கண்டுபிடித்து 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்த ராபர்ட் காக்தான். உலக காசநோய் நாளை மார்ச் 24-ல் வைத்திருப்பதே அதனால்தான். எட்டு வருஷம் கழித்து, 1890-ல், நோயைத் தடுத்து நிறுத்தும் பொருள் தன்னிடம் இருப்பதாக அவர் அறிவித்தார். அதில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லவில்லை. ஐரோப்பா முழுவதிலுமிருந்து நோயாளிகளும் டாக்டர்களும் பெர்லினுக்கு ஓடினார்கள். சில மாதங்களிலேயே உண்மை தெரிந்தது: குணமாகவில்லை, சிலருக்கு நோய் முற்றியது. அந்தப் பொருளான டியூபர்குலின் பிறகு, உடலில் கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் தோல் பரிசோதனைக்குத்தான் பயன்பட்டது.

காக் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. கிருமியைக் கண்டுபிடித்த அதே மனிதர் மருந்தில் தவறிப்போனார். சொல்பவர் எவ்வளவு பெரியவர் என்பதை வைத்து ஒரு மருந்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பிறகு எதை வைத்து நம்புவது?

குலுக்கலை வைத்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டி.பி.க்கு உண்மையில் வேலை செய்த முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. போர் முடிந்த பிரிட்டனிடம் அதை வாங்கப் போதுமான பணம் இல்லை, கிடைத்ததோ கொஞ்சம். எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்றால் யாருக்குக் கொடுப்பது? பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர், முதல் உலகப் போரில் தானே டி.பி. பிடித்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், குலுக்கல் முறையில் பிரித்து மூடிய உறைகளில் போட்டு வைக்கும் ஏற்பாட்டைச் செய்தார். யாருக்கு மருந்து என்பதில் டாக்டரின் இரக்கமோ விருப்பமோ தலையிட முடியாது. 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948-ல் இது வெளியானது. 2020-ல் கொரோனா மருந்துகளைச் சோதிக்க பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு இதே குலுக்கல் முறையில்தான் டெக்ஸாமெத்தசோன் உயிரைக் காக்கிறது, ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயன்படவில்லை என்று சில மாதங்களில் சொன்னது.

ஆனால் 1948 கதையின் மறுபாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. மருந்து பெற்ற பலரின் உடலில் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, முதலில் தேறியவர்கள் மறுபடியும் விழுந்தார்கள். அதனால்தான் பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தார்கள், 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. இன்று நாலு மருந்தைச் சேர்த்துத் தருவதன் வேர் இதுதான். மருந்துக்கு அடங்காத டி.பி.யைப் புது ஆபத்து என்கிறார்கள். முதல் மருந்தோடு கூடவே பிறந்தது அது.

சென்னையில் உலகமே பின்பற்றிய ஆய்வு நடந்தது என்றீர்களே, அது என்ன?

1950-களில் இந்தியாவில் டி.பி. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சில பத்தாயிரம். அப்போது புத்தகப்படி சிகிச்சை என்றால் சானடோரியம்தான். அப்படியென்றால் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே இல்லை என்று பொருள். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் திறந்தார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். (ராமானுஜன் கண்மூடிய அதே சேத்துப்பட்டு. அந்தத் தெருக்களில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.)

கேள்வி மிக எளிமையானது. நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கும் ஒரு சென்னை ஏழைக்கு, அதே மருந்தை வீட்டிலேயே கொடுத்தால் குணமாகுமா? நகரின் ஏழை மக்களில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். இரு தரப்புக்கும் ஒரு வருஷம் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று, செவிலியர். வீட்டில் இருந்தவர்களுக்கு அது எதுவும் கிடையாது.

1959-ல் முடிவு வந்தது. வருஷக் கடைசியில் சானடோரியத்தில் நூற்றுக்குச் சுமார் 92 பேருக்கும் வீட்டில் சுமார் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. நூறு வருஷம் நம்பிய காற்றும் படுக்கையும், மருந்து வந்த பிறகு, இவ்வளவு சிறிய வித்தியாசத்தைத்தான் தந்தன. அதைவிட முக்கியம், வீட்டில் வைத்துப் பார்த்த நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட அவர்களுக்கு அதிகமாக நோய் வரவில்லை.

இதை வெறும் எண்ணாகப் படிக்காதீர்கள். ஒரு தாய் ஒரு வருஷம் குழந்தைகளைப் பிரிந்து போக வேண்டியதில்லை, வேலையில் இருப்பவர் குடும்பத்தைப் பட்டினி போட வேண்டியதில்லை என்பதுதான் அந்த எண்களுக்கு அர்த்தம். அதன்பிறகு பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏழைகளுக்காகக் கேட்ட கேள்வியின் பதில் பணக்காரர்களுக்கும் பயன்பட்டது. இன்று எந்த நோய்க்கும் 'இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடியும்' என்று யாராவது சொல்லும்போது, அதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அப்படியானால் டி.பி.க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லையா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது, ஏனென்றால் ஒரு நல்ல ஆய்வையே தப்பாகப் படிக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

சென்னை ஆய்வு சொன்னது என்ன? மருந்து ஒழுங்காகக் கொடுத்தால், சாப்பாடு குறைவாக இருந்தாலும் கிருமி அடங்கும். அவ்வளவுதான். அதைத் திட்டம் தீட்டுகிறவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? மருந்து போதும், சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று. இரண்டும் ஒன்றில்லை. முதலாவது, ஏழை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்காதே என்கிறது. இரண்டாவது, ஏழையின் பசி நம் வேலை இல்லை என்கிறது. சளியில் கிருமி போவது வேறு, மனிதர் பிழைப்பது வேறு, வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுப்பது வேறு. பல பத்தாண்டுகள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டோம்.

டி.பி.க்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பு தெரியாத விஷயமும் அல்ல. இங்கிலாந்தில் முதல் மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே டி.பி. சாவுகள் குறைந்துகொண்டே வந்திருந்தன. சாப்பாடு காரணமா, வீடு காரணமா, சுகாதாரத் துறையின் வேலையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மாத்திரை காரணம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

2023-ல் ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு வெளியானது. அதிலும் சென்னை டி.பி. மையத்தின் கை இருந்தது. நாலு மாவட்டங்களில் 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள். ஒரு பிரிவில் வீட்டாருக்கும் சேர்த்து. வீட்டாருக்கும் உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடையே இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், இவைதான் அந்த 'மருந்து'.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்த உடனேயே எடையும் உயரமும் பார்க்கிறார்கள், காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு வேகம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். 1959-ன் பாடம் தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலோருக்கு வீடு போதும், யாருக்குப் போதாது என்று கண்டுபிடிக்கும் வேலைதான் பாக்கி இருந்தது. மத்திய அரசு நோயாளிகளுக்குத் தரும் உதவித்தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. வீட்டிலுள்ள எல்லோருக்குமான உணவைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

ராஜாஜி தடுப்பூசியை எதிர்த்தாராமே? உண்மையா?

உண்மை. டி.பி.க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியை 1955-ல் கடுமையாக எதிர்த்தார், தனிப் புத்தகமே எழுதினார். முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய அடுத்த ஆண்டு அது. மத்திய சுகாதார அமைச்சராக இருந்த ராஜ்குமாரி அம்ரித் கவுர் தடுப்பூசிப் பக்கம் நின்றார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளுக்குக் கூட்டம் கூட்டமாகச் செலுத்துகிறீர்களே, பயன் இருப்பதற்கு உறுதியான ஆதாரம் எங்கே என்பதுதான் ராஜாஜியின் கேள்வி. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில், வீரியமுள்ள கிருமி கலந்துபோன தடுப்பு மருந்தைக் கொடுத்ததில் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த நினைவு உலகத்தில் அப்போது பழையதாகியிருக்கவில்லை.

இதற்கு அரசு விஞ்ஞானிகள் கடைசியில் கொடுத்த பதில் சொற்பொழிவு இல்லை, ஒரு ஆய்வு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கத்தில், சுமார் 3.6 லட்சம் பேர் வாழ்ந்த கிராமங்களில் உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனையைத் தொடங்கினார்கள். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் நூற்றுக்கு எண்பது அளவுக்குப் பாதுகாப்பு தெரிந்திருந்ததால் இங்கேயும் அப்படியே வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஏழரை வருஷத் தரவுகள் 1979-ல் வெளியாயின. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவே இல்லை.

அப்படியானால் ராஜாஜி சொன்னது சரியா? பாதி சரி. அவர் கேட்ட ஆதாரம் கேட்கப்பட வேண்டியதுதான். ஆனால் தடுப்பூசியே ஆபத்து என்ற பயத்துக்கு அந்தச் சோதனையில் ஆதரவு கிடைக்கவில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய டி.பி.யிலிருந்து பி.சி.ஜி. நன்றாகவே காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம், குழந்தைக்கு அதைத் தவறவிடாதீர்கள்.

தடுப்பூசியைப் பற்றி இன்று சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்து 'முட்டாள்கள்' என்று திட்டுகிறவர்களுக்கும், எல்லாவற்றையும் சதி என்று சொல்கிறவர்களுக்கும் செங்கல்பட்டைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். தங்களுக்குப் பாதகமான முடிவு வந்தபோது அதை மறைக்காமல் உலகத்துக்கே அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த நேர்மைதான் எனக்குத் தடுப்பூசி அறிவியல் மேல் நம்பிக்கை தருகிறது.

நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் விடுவதால்தானே மருந்துக்கு அடங்காத டி.பி. வருகிறது?

அதுவும் ஒரு காரணம். மருந்துக்கு அடங்காத கிருமியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகத் தொற்றுவதும் நிறைய உண்டு. நோயாளியின் மேல் பழியைப் போடும் பழக்கம் ரொம்பப் பழையது. சேத்துப்பட்டில் அந்தக் காலத்திலேயே சிறுநீரைச் சோதித்து யார் மாத்திரை சாப்பிடவில்லை என்று பார்த்தார்கள். திட்டுவதற்காக இல்லை. தினமும் விழுங்க முடியாது என்றால் வேறு வழி என்ன என்று யோசித்து, வாரம் இரண்டு முறை மட்டும் நேரில் வந்து மருந்து வாங்கிக்கொள்ளும் முறையை 1960-களில் சோதித்தார்கள். பின்னாளில் 'டாட்ஸ்' என்று உலகம் முழுக்கப் பரவியதன் மூதாதை அது.

1963-ல் வெளியான இன்னொரு ஆய்வு, பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தார் தும்கூர் கிராமங்களில் செய்தது. நோய் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே ஏதோ ஒரு மருத்துவமனைக்கு ஏற்கெனவே போயிருந்தார்கள். அங்கே பலருக்குக் கிடைத்தது இருமல் மருந்து. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்வதற்கு முன்னால், வந்தவருக்குச் சளிப் பரிசோதனை செய்தோமா என்று கேட்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காத டி.பி.க்கு வந்த புதிய மருந்தான பெடாகுயிலினின் கதையும் இதே ரகம்தான். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் காது கேட்காமல் செய்யும் பழைய ஊசிகளை அதற்குப் பிறகும் பல வருஷம் நோயாளிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கும் முயற்சியை 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. அந்த நீட்டிப்பை எதிர்த்து மனுப் போட்டவர்கள் டி.பி.யிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், இருவருமே சிகிச்சையில் கேட்கும் திறனை இழந்தவர்கள்.

வீட்டில் ஒருவருக்கு டி.பி. வந்தால் தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். டி.பி. காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் பரவாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், நோயாளி முதல் சில வாரங்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும். வீட்டில் இருக்கும் மற்ற எல்லோரையும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளை, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சோதித்துவிடுங்கள், தேவையென்றால் நோய் வராமல் இருக்கவே மாத்திரை தருவார்கள், எல்லாம் இலவசம். நம்மைத் தொற்றக் கூடியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தொற்றியிருக்கும். மருந்து ஆரம்பித்தபின் ஆளை ஒதுக்குவதால் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. சேத்துப்பட்டின் ஐந்து வருஷக் கணக்கு காட்டியது இதைத்தான். (மருந்துக்கு அடங்காத டி.பி. என்றால் எவ்வளவு நாள் கவனம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.)

எங்கள் பெரியம்மாவுக்கு 1980-களில் இந்த நோய் வந்தது. 'எலும்புருக்கி' என்று பாட்டி தாழ்ந்த குரலில் சொல்வார். மருந்து முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்து, எடையும் ஏறிவிட்டது. அதற்கப்புறமும் பல வருஷம் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பின்கட்டு அலமாரியில் அவருக்கென்று தனியாகவே இருந்தன. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, சாப்பிட்டு முடித்ததும் தானே கழுவி அங்கேயே வைத்துவிடுவார்.